வீட்டுக்கு வந்த வைத்தியமும் வீட்டுப் பெண்களும்

சென்னைக்குப் போய்வரும் நம்மவர்களில் பலர் கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் பயணம் செய்திருப்பீர்கள். குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் ‘தாம்பரம் சானடோரியம்’ என்று ஒரு நிலையம் வரும். இன்றைய பிள்ளைகளுக்கு அது ஏதோ ஒரு பேட்டையின் பெயர், அவ்வளவுதான். உண்மையில் அது டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928-ல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையின் பெயர். க்ஷயரோகம், எலும்புருக்கி நோய் என்றெல்லாம் நம் பாட்டிமார் குரலைத் தாழ்த்திச் சொன்ன அந்த வியாதிக்கு அப்போது மருந்தே கிடையாது. ஊருக்கு வெளியே, நல்ல காற்றோட்டமான இடத்தில், மாதக்கணக்கில் படுக்கையில் ஓய்வு, பால், முட்டை, சத்தான உணவு, இவைதான் வைத்தியம். நோயாளி வீட்டைவிட்டுப் போவார். திரும்பினால் அதிர்ஷ்டம்.

உலகம் முழுவதும் இத்தகைய சானடோரியங்களுக்கு மூடுவிழா நடத்தக் காரணமாக இருந்த ஆராய்ச்சியும் அதே சென்னையில்தான் நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை அமைத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயர் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார். அதற்குள் ஐசோநியாசிட், பி.ஏ.எஸ். போன்ற மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் படுக்கை எங்கே? நாட்டில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கும் மருத்துவமனைக் கட்டில்களின் எண்ணிக்கைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. எனவே ஒரு கேள்வி எழுந்தது. மருந்து ஒன்றேயானால், அதை வீட்டிலிருந்தே சாப்பிட்டால் என்ன?

நெரிசலான வீடுகளில் வாழ்ந்த 193 ஏழை நோயாளிகளைத் தேர்ந்தெடுத்து, சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரு கூறாகப் பிரித்தார்கள். ஒரு கூறு சானடோரியத்துக்குப் போனது. மறு கூறு வீட்டிலேயே இருந்துகொண்டு மையத்துக்கு வந்து மருந்து வாங்கிச் சென்றது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், ஓய்வும் நல்ல சாப்பாடும் கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் குணமடைவதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலிருந்த நோயாளியால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவியதாகவும் தெரியவில்லை. 1959-ல் இந்த முடிவு வெளியானதும் உலகமே கவனித்தது. அந்த மையம்தான் பிற்காலத்தில் காசநோய் ஆராய்ச்சி மையமாகி, இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. தமிழ்நாட்டுக்காரன் என்ற முறையில் எனக்கு இதில் பெருமை உண்டு.

ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். சானடோரியத்தில் நோயாளிக்குப் பால் காய்ச்சியவர், துணி துவைத்தவர், எச்சில் பாத்திரத்தைக் கழுவியவர், ‘மாத்திரை போட்டாயா’ என்று அதட்டியவர் எல்லோருமே சம்பளம் வாங்கியவர்கள். வைத்தியம் வீட்டுக்கு வந்ததும் இந்த வேலைகளும் கூடவே வீட்டுக்கு வந்தன. சம்பளம் மட்டும் வரவில்லை. வேலைகளை ஏற்றுக்கொண்டவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சிகிச்சை முறையைக் கொஞ்சம் விளக்கிவிட்டு மேலே போகிறேன். இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து. முதல் இரண்டு மாதம் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் என்ற நான்கும், அடுத்த நான்கு மாதம் பைரசினமைடு நீங்கலாக மற்ற மூன்றும். எடைக்கு ஏற்றபடி ஒரே மாத்திரையாகக் கலந்து அரசு இலவசமாகத் தருகிறது. தொல்லை என்னவென்றால், மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே இருமல் குறைந்து, பசி எடுத்து, உடம்பு தேறிவிடும். ‘இனி எதற்கு மாத்திரை’ என்று தோன்றும். பாதியில் நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமி மறுபடி பெருகும், மருந்துக்கு மசியாத கிருமியாகவும் மாறக்கூடும். 1962-ல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டத்தை முப்பது ஆண்டு கழித்து மதிப்பிட்டுப் பார்த்தபோது, சிகிச்சையை முழுதாக முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு என்று தெரிந்தது. ஆகவே 1993-ல் சோதனையாகவும், 1997 முதல் விரிவாகவும், ஒருவர் கண்ணெதிரே நோயாளி மாத்திரையை விழுங்க வேண்டும் என்ற ‘டாட்ஸ்’ முறை வந்தது. 2006-ல் அது நாடு முழுவதையும் எட்டியது. வாரம் மூன்று நாள் என்றிருந்த மருந்து 2017 முதல் தினசரி ஆனது.

அந்த ‘ஒருவர்’ யார் என்பதுதான் நம் விஷயம். தொடக்கத்தில் குடும்பத்தாரை அனுமதிக்கவில்லை. பெட்டிக்கடைக்காரர், குணமான பழைய நோயாளி, அங்கன்வாடிப் பணியாளர், இப்படி வெளியாள் ஒருவர்தான் இருக்க வேண்டும். வீட்டுக்காரி சொல்லிப் புருஷன் கேட்கவா போகிறான் என்பதைத் திட்டம் வகுத்தவர்கள் அறிந்திருந்தார்கள் போலும்! பின்னர் குடும்பத்தாரும் மருந்து கொடுக்கலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். 2005-ல் தேசிய ஊரக சுகாதார இயக்கத்துடன் ‘ஆஷா’ பணியாளர்கள் வந்தார்கள். ஆயிரம் பேருக்கு ஒருவர், அதே ஊர்க்காரர், மணமானவர் அல்லது கணவனை இழந்தவர் அல்லது பிரிந்தவர், 25-லிருந்து 45 வயதுக்குள், கட்டாயம் பெண். ஆக, வெளியாள் என்றாலும் பெண், வீட்டாள் என்றாலும் பெண் என்றாகிவிட்டது. ஆஷாவுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது, செய்த வேலைக்கு ஊக்கத்தொகைதான். சாதாரணக் காசநோயாளி ஒருவரின் ஆறு மாதச் சிகிச்சையை முடித்து வைத்தால் 1,000 ரூபாய். வகுத்துப் பார்த்தேன், நாளொன்றுக்கு ஐந்தரை ரூபாய் வருகிறது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் ஆஷாக்கள் அனைவரையும் கௌரவித்தது. நல்லதுதான்.

பெண்களை நியமித்ததில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெண்ணுக்குப் பெண் என்றால் அடுப்பங்கரை வரை போகலாம். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம் என்பதை ஒரு மருமகள் ஆண் ஊழியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வாளா? அந்த மருந்து கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும் என்பதை யார் அவளுக்குச் சொல்வது? கர்ப்பிணியும் இந்த மாத்திரைகளைச் சாப்பிடலாம், சாப்பிட்டுக்கொண்டே குழந்தைக்குத் தாய்ப்பாலும் கொடுக்கலாம் என்பதையும் ஒரு பெண் வந்து திண்ணையில் உட்கார்ந்து சொன்னால்தான் மாமியாரும் சேர்த்து நம்புவார்.

ஆனால் நோயாளிகளில் பெரும்பாலோர் ஆண்கள். நாட்டில் பதிவாகும் காசநோயாளிகளில் சுமார் 60 சதவீதம் அவர்களே. பீடி, குடி, தூசியில் வேலை, ஊர் ஊராகப் பிழைப்பு எனக் காரணங்கள் பல. மருந்தைப் பாதியில் விடுவதிலும் அவர்கள்தான் முன்னால் நிற்கிறார்கள். திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வீட்டில் நோயைப் பற்றிப் பேசப் பெண்களுக்குத் தயக்கம் அதிகம். துணையில்லாமல் மருந்துக்குப் போக முடியாத பெண்களும் அதிகம். அப்படியிருந்தும் ஆண்களைவிடப் பெண்களே மருத்துவ நிலையத்துக்கு வந்து, பதிவு செய்துகொண்டு, சிகிச்சையை ஒழுங்காகத் தொடர்ந்தார்கள். விடியற்காலையில் கூலிக்குப் போய், மாலையில் சாராயக்கடை வழியாகத் திரும்பும் ஓர் ஆணை, இரவில் அவன் வாசலில் நின்று மாத்திரை விழுங்கவைக்கும் வேலையை அடுத்த தெருப் பெண்ணிடம் கொடுத்தால் அவள் எத்தனை நாள் செய்வாள்? அந்த வேலைக்கு ஆண்கள் வேண்டும். அவனோடு கூலிக்குப் போகும் மேஸ்திரியோ, டீக்கடைக்காரரோ, ஆலைச் சங்கத்துக்காரரோ செய்யலாம். திட்டத்தில் இதற்குத் தடையே இல்லை. ‘கவனித்துக்கொள்வது பெண் வேலை’ என்ற நம் எண்ணம்தான் தடை.

இந்த விஷயம் என் மனதில் ஏன் தங்கியிருக்கிறது என்று சொல்கிறேன். 1986-87 வாக்கில் ஒடிஷா எல்லையை ஒட்டிய ஒரு பிரிவில் இருப்புப்பாதைப் பராமரிப்பில் இருந்தேன். என்னிடம் வேலை செய்த ஒரு கேங்மேனுக்கு (இப்போது டிராக் மெயின்டெய்னர் என்கிறார்கள்) காசநோய் வந்தது. அந்நாளைய முறைப்படி முதல் இரண்டு மாதம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, பிறகு ஒரு வருடத்துக்கு மேல் மாத்திரை. அவன் குடிகாரன், பிடிவாதக்காரன். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு கொல்லையில் துப்புவான். அவன் மனைவி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் சோறு போடுவாளாம். சம்பள நாளன்று அலுவலக வாசலில் வந்து நிற்பாள். பாஸஞ்சர் ரயிலில் அவனை ஊசிக்கு அழைத்துப் போனவளும் அவள்தான். அவன் தேறி, ஃபிட் சர்டிஃபிகேட்டுடன் வந்தான். சில மாதங்களுக்கு லைட் டூட்டி போட்டுக் கொடுத்தேன். நல்ல காரியம் செய்ததாக எனக்குத் திருப்தி.

இரண்டு வருடம் இருக்கும். ஒருநாள் டிராலியில் போகும்போது குவார்ட்டர்ஸ் குழாயடியில் அவளைப் பார்த்தேன். வாளியைத் தூக்க முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். “கம்ஜோரி, சாப்” என்றான். பலவீனமாம். டாக்டரிடம் காட்டு என்று சொல்லிவிட்டு நானும் போய்விட்டேன். மருத்துவ அட்டையில் அவள் பெயரும் இருந்தது, மருந்தும் இலவசம். ஆனால் அவளை அழைத்துப் போக அவனுக்கு நாள் வரவில்லை. அவள் போனால் அடுப்பு யார் மூட்டுவது என்ற கேள்வியும் இருந்தது. ஒரு வழியாகப் போய் மருந்து தொடங்கி, ஒரு மாதம் ஆனதும், “ஓய்வு வேண்டும்” என்று தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் சீட்டு எதுவும் கொடுத்தனுப்பவில்லை. நான்கு மாதம் கழித்து அவனிடமிருந்து லீவு விண்ணப்பம் வந்தது. காரணம் என்ற இடத்தில் மனைவி இறந்துவிட்டாள் என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

ரயில்வேயில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், தொழிலாளி படுத்தால் சிக் மெமோ உண்டு. எழுந்தால் ஃபிட் சர்டிஃபிகேட் உண்டு. இடையில் லைட் டூட்டி உண்டு. அவன் மனைவிக்கு சிக் மெமோ எழுத யார் இருந்தார்கள்? அவன் பெயரை எத்தனையோ தாள்களில் எழுதிய நான், அவனுக்கு மாத்திரை கொடுத்த கையைப் பரிசோதித்தார்களா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

இப்போது விதிகள் மேல். ஒருவருக்கு நுரையீரல் காசநோய் என்று தெரிந்தால் வீட்டிலுள்ள அத்தனை பேரையும் பரிசோதிக்க வேண்டும். நோய் இல்லாதவர்களுக்கு, வந்துவிடாமல் தடுக்கும் மருந்தையும் இப்போது கொடுக்கிறார்கள். முன்பு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் என்றிருந்ததை 2021-ல் பெரியவர்களுக்கும் விரித்தார்கள். ஆகவே வீட்டில் ஆணுக்கு நோய் கண்டால், முதலில் மருத்துவமனைக்குப் போக வேண்டிய அடுத்த ஆள் அவருக்கு மருந்து கொடுக்கும் பெண்.

பரிசோதனையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சளி வேண்டும், எச்சில் போதாது. நெஞ்சிலிருந்து காறித் துப்ப வேண்டும். நாலு பேர் நிற்கும் இடத்தில் பெண் காறித் துப்பக் கூடாது என்றுதானே சிறுவயதிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறோம்! டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுவாள். ‘கிருமி இல்லை’ என்று முடிவு வரும். பாகிஸ்தானில் ராவல்பிண்டி நகரில் நடந்து 2007-ல் வெளியான ஓர் ஆய்வில் செய்தது மிகச் சின்ன காரியம். சளியை எப்படிக் கொடுப்பது என்று இரண்டு நிமிடம் சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுக்காத பெண்களில் 8 சதவீதத்தினருக்குக் கிருமி தெரிந்தது. சொல்லிக் கொடுத்தவர்களில் 13 சதவீதத்தினருக்குத் தெரிந்தது. ஆண்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. செலவு ஒரு பைசாவும் கிடையாது. வீட்டில் ஒரு பெண்ணைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்பும்போது, காலையில் எழுந்ததும், வாயைக் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து, தனியாக, திறந்த இடத்தில் இருமிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

போன், பணம், சாப்பாடு என்ற மூன்றிலும் இதே கதைதான். மாத்திரை அட்டையின் பின்னால் மறைந்திருக்கும் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் சாப்பிட்டதாகப் பதிவாகும் என்று ஓர் ஏற்பாடு வந்தது. புத்திசாலித்தனமான யோசனை, ஓர் இன்ஜினியராக ரசித்தேன். ஆனால் பல வீடுகளில் போன் கணவர் பையில் வேலைக்குப் போய்விடுகிறது. 2018 ஏப்ரலிலிருந்து நோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்துகிறார்கள். 2024 நவம்பரிலிருந்து அது 1,000. கணக்கு யார் பேரில் என்பதைப் பொறுத்தது அது என்னவாகிறது என்பது. முட்டை வாங்கினாலும், நோயாளி மருமகளாக இருந்தால் அவள் தட்டுக்கு வந்து சேருமா?

ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு ஒன்று இந்த இடத்தைத் தொட்டது. சென்னையின் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அதில் பங்குண்டு. ஒரு பகுதியில் நோயாளிக்கு மட்டும் உணவுப்பொருள் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியில் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும், பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ பருப்பும் என்று கொடுத்தார்கள். வீட்டார் எல்லோருக்கும் கொடுத்த இடத்தில், அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய நாற்பதிலிருந்து ஐம்பது சதவீதம் குறைந்தது. கடைசியில் சாப்பிட உட்காரும் பெண்ணுக்கும் ஒரு பங்கு பருப்பு தனியாக எழுதப்பட்டிருந்தது என்பதுதான் எனக்கு அதில் பிடித்த விஷயம்.

வங்கதேசத்தில் ‘பிராக்’ என்ற தொண்டு நிறுவனம் 1984-லிருந்தே கிராமத்துப் பெண்களைக் கொண்டு காசநோய் மருந்து கொடுத்து வருகிறது. தொடக்க காலத்தில் நோயாளி முன்பணமாக ஒரு சிறு தொகை கட்ட வேண்டியிருந்தது. சிகிச்சையை முடித்தால் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது, மருந்து கொடுத்த பெண்ணுக்கும் அதில் பங்கு இருந்தது. அங்கேயும் வேலை பெண்ணுக்குத்தான். ஆனால் வேலைக்கு ஒரு விலை உண்டு என்பதை முதல் நாளிலேயே நோயாளிக்கு உணர்த்திவிட்டார்கள். நம் அரசும் 2019-ல் காசநோய்த் திட்டத்தில் ஆண், பெண், திருநங்கையர் ஆகியோரின் வேறுபட்ட தேவைகளைக் கவனிப்பதற்கென்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. தாளில் நன்றாகவே இருக்கிறது.

இனி நம் குடும்பங்களுக்கு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல் என்றால் யாராக இருந்தாலும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். 2019-21 தேசியக் கணக்கெடுப்பில் அறிகுறி இருந்தவர்களில் 64 சதவீதம் பேர் எந்த வைத்தியரிடமும் போகவில்லை என்று தெரிந்தது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் இருமினாலும் இதே விதிதான். வேலையைவிட்டு நிறுத்துவது வைத்தியம் அல்ல. வீட்டில் பெண்ணுக்கு நோய் என்றால், மருந்து கொடுப்பவர் என்ற இடத்தில் கணவரோ, வயதுவந்த மகனோ தன் பெயரை எழுதலாம். காலையில் ஒரு நிமிட வேலை.

இன்னொன்று, நம்மைப்போல ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு அவசியமானது. சிகிச்சை தொடங்கும்போது ‘நிக்‌ஷய்’ எண் என்று ஒன்று கொடுப்பார்கள். நாட்டில் எந்த அரசு மருத்துவ நிலையத்துக்கும் அந்த எண்ணை வைத்துச் சிகிச்சையை மாற்றிக்கொள்ளலாம். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களும், ஓய்வுக்கென்று பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்புகிறவர்களும், கிளம்பும் முன் இங்குள்ள நிலையத்தில் சொல்லி, வழிக்குத் தேவையான மாத்திரையை வாங்கி, அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி அவள் பையில் வைத்தனுப்புங்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால் மறுநாள் மாத்திரை அங்கேயே கிடைக்கும்.